படுக்கையை விட்டு எழுந்தால்தான் தூக்கம் வரும்

விசைத்தறி ஓடும் மேற்கு மாவட்ட ஊர் ஒன்றிலிருந்து 57 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். முதல் பக்கத்தில் தேதிக்குக் கீழே "இரவு 2.40" என்று மணியையும் குறித்திருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

வீட்டை ஒட்டிய பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தறிகள் இரவும் பகலும் ஓடின. கணவர் தறிகளைப் பார்த்துக்கொண்டார். இவர் நூல் கணக்கும் கூலிக் கணக்கும் எழுதினார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு கணவர் மாரடைப்பில் இறந்துபோனார். மூன்று மாதத்தில் தறிகளையும் விற்றுவிட்டார்கள். "தறிச் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவள் நான். சத்தம் நின்ற அன்றே என் தூக்கமும் நின்றுவிட்டது" என்று எழுதுகிறார்.

இப்போது இரவு எட்டரை மணிக்கே படுத்துவிடுகிறார். பதினொரு மணிவாக்கில்தான் கண் அயர்கிறது. இரண்டரைக்கு, பக்கத்து அறையில் இருக்கும் 82 வயது மாமியாரைக் கழிவறைக்கு அழைத்துச் சென்று வந்தால், பிறகு நாலரை வரை விழிப்புதான். அதன் பின் ஒன்றரை மணி நேரம் அரைகுறையாகக் கண் அசருகிறது. முன்பெல்லாம் ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளித்தவர், இப்போது ஆறரை வரை கட்டிலிலேயே கிடக்கிறார். பகலிலும் இரண்டிலிருந்து மூன்றரை வரை படுக்கிறார். மாலை நாலரைக்குக் குடிக்கும் காபி இல்லாவிட்டால் தலை வலிக்கிறது. கணவருடைய பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரத்துக்குத் தினமும் படுக்கப் போகும்போது சாவி கொடுத்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்கிறார். விழிப்பு வரும்போதெல்லாம் அதை எடுத்து மணி பார்க்கிறார்.

மூன்று ஆண்டுகளாகத் தூக்கத்துக்காக அல்பிரசோலம் என்ற மாத்திரை சாப்பிடுகிறார். கணவருக்கு எப்போதோ எழுதிக் கொடுத்த சீட்டை வைத்து, பழக்கமான மருந்துக் கடையில் வாங்கத் தொடங்கியது. பாக்குவெட்டியால் பாதியாக வெட்டிச் சாப்பிட்ட 0.25 மில்லிகிராம் மாத்திரை, இன்று 0.5 மில்லிகிராம் முழு மாத்திரையாகியிருக்கிறது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் நள்ளிரவில் இன்னொன்றும் சேர்கிறது. ஒருமுறை இரண்டு நாள் நிறுத்திப் பார்த்தபோது கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, பொட்டுத் தூக்கம் இல்லாமல் போனதாம்.

இலவம்பஞ்சு மெத்தை வாங்கினார். வடக்கே தலை வைத்திருந்த கட்டிலைக் கிழக்கே திருப்பினார். பாலில் ஜாதிக்காய், உள்ளங்காலில் எண்ணெய், வெந்நீர்க் குளியல் என ஒன்றையும் விடவில்லை. "எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டேன், தூக்கம் மட்டும் மாறவில்லை" என்கிறார். அவருடைய முக்கியக் கேள்விகள் மூன்று. கணவர் போனதால் கெட்ட தூக்கம் இனி திரும்புமா? வரும் வெள்ளிக்கிழமையோடு மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று சபதம் எடுத்திருக்கிறேன், சரிதானா? மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் மனநல மருத்துவரிடம் போனால் ஊர் என்ன சொல்லும்?

அன்புள்ள அம்மா,

உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது காத்திருக்க முடியாதது. வெள்ளிக்கிழமை மாத்திரையை நிறுத்தாதீர்கள். மூன்று ஆண்டுகள் தினமும் எடுத்த அல்பிரசோலத்தை ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். அந்தச் சபதத்தைக் கைவிடுவதில் எந்தக் குறையும் இல்லை. மாத்திரையை விடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. அதைப் பிறகு விளக்குகிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எனக்கு மிக முக்கியமாகப் பட்ட இரண்டு வரிகளை நீங்கள் கடிதத்தின் நடுவில் எழுதவில்லை. மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில், பிறகு நினைவு வந்தாற்போல், குறுக்காக எழுதியிருக்கிறீர்கள். "கூடத்தில் டிவி பார்க்கும்போது கண் சொக்குகிறது, கட்டிலில் படுத்ததும் தெளிந்துவிடுகிறது" என்பது ஒன்று. "மகன் வீட்டுக்குப் போனபோது நாலு நாளும் பாயில் படுத்து நன்றாகத் தூங்கினேன், அங்கே எனக்கே ஆச்சரியம்" என்பது மற்றொன்று. தூங்கும் திறனை உங்கள் உடல் இழந்துவிடவில்லை என்பதற்கு இவற்றைவிட நல்ல சான்றை எந்தப் பரிசோதனையும் எனக்குத் தர முடியாது.

தொடங்கி வைத்தது ஒன்று, நீட்டிப்பது வேறொன்று

கணவரின் மறைவால் தூக்கம் போனது, அவர் திரும்பி வரப்போவதில்லை, ஆகவே தூக்கமும் வராது என்பது உங்கள் கணக்கு. முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதியவர் நீங்கள்; ஆனாலும் இந்தக் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் நாள்பட்ட தூக்கமின்மைக்குத் தந்த விளக்கத்தைத் தூக்கச் சிகிச்சை தரும் நாங்கள் இன்றும் பயன்படுத்துகிறோம். ஒருவருடைய இயல்பிலேயே இருக்கும் மெல்லிய தூக்கம் முதல் காரணம். தூக்கத்தைக் கெடுத்துத் தொடங்கி வைக்கும் நிகழ்ச்சி, அதாவது இழப்போ நோயோ வேலை மாற்றமோ, இரண்டாவது. தூக்கம் கெட்ட பிறகு அதைச் சரிசெய்வதற்காக நாம் கைக்கொள்ளும் பழக்கங்கள் மூன்றாவது. தூக்கமின்மையை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீட்டிப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான்.

கணவர் போன பிறகான முதல் சில மாதங்களில் தூக்கம் வராதது இயற்கை. அந்த வீட்டில் ஒரே சமயத்தில் இரண்டு சத்தங்கள் நின்றுபோயின, அவருடைய குரலும் தறியும். அந்த நாட்களில்தான் "சீக்கிரம் படுத்தால் கொஞ்சமாவது தூங்கலாம்" என்று பத்து மணிப் படுக்கையை எட்டரைக்குக் கொண்டுவந்தீர்கள். "விடியற்காலையில் வந்த தூக்கத்தை விட வேண்டாம்" என்று ஐந்து மணி விழிப்பை ஆறரைக்குத் தள்ளினீர்கள். இராத்தூக்கம் போனதற்கு ஈடாகப் பகலில் படுத்தீர்கள். பகல் சோர்வை விரட்டக் காபியைச் சேர்த்தீர்கள். ஒவ்வொன்றும் அந்த நேரத்துக்கு நியாயமான முடிவு. உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையே செய்திருப்பேன். இழப்பின் முதல் வேகம் தணிந்த பிறகும் அவை அப்படியே நின்றுவிட்டன, அவ்வளவுதான்.

நீங்கள் மாற்றிய மெத்தை, கட்டிலின் திசை, பால், எண்ணெய் ஆகியவற்றில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. ஜாதிக்காய் மட்டும் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம், அளவு மீறினால் அது நஞ்சு. ஆனால் அவையெல்லாம் ஏற்கெனவே இருந்ததன் மேல் புதிதாகச் சேர்த்தவை. இருப்பதில் எதையும் நீங்கள் இன்னும் விடவில்லை. என் அறைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான். புதிய மெத்தைக்கு இருபதாயிரம் ரூபாய் கொடுக்கத் தயங்காதவர்கள், மதியம் படுக்கும் அரை மணி நேரத்தை விட்டுவிடச் சொன்னால் முகம் வாடிப்போகிறார்கள். அந்த அரை மணி நேரம் அவர்களுக்கு ஒரு கைப்பிடி போல ஆகிவிட்டிருக்கிறது, அது எனக்குப் புரிகிறது.

தூக்கம் வருவதற்கு இரண்டு விசைகள் சேர வேண்டும். விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் தூக்க அழுத்தம் ஏறுகிறது. அடினோசின் என்ற பொருள் சேர்வது அதற்கு ஒரு முக்கியக் காரணம். மற்றது, வெளிச்சத்தையும் இருளையும் வைத்து நாளைக் கணக்கிடும் உடல் கடிகாரம். மதியம் ஒன்றரை மணி நேரம் படுப்பது, மாலைப் பசிக்கு முறுக்கைத் தின்றுவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு உட்காருவதைப் போன்றது. காபியில் உள்ள கஃபீனோ அடினோசின் அமர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. உடம்பில் ஏறிய கஃபீன் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது கூடும், குறையும். நாலரை மணிக் காபியில் பாதி இரவு ஒன்பதரைக்கும், கால் பங்கு நீங்கள் விழிக்கும் இரண்டரைக்கும் உங்களோடு இருக்கக்கூடும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது படுக்கை. ஒரு நாளில் இரவு பத்து மணி நேரம், பகல் ஒன்றரை மணி நேரம், ஆகப் பதினொன்றரை மணி நேரம் அந்தக் கட்டிலில் இருக்கிறீர்கள். இரவில் தூங்குவது ஐந்து மணி நேரம். மீதி நேரமெல்லாம் விழிப்பு, கவலை, கடன் கணக்கு, கல்யாணச் செலவுக் கணக்கு. நான்கு ஆண்டுகள் தினமும் இப்படிப் பழகிய மூளைக்கு அந்தக் கட்டில் விழித்திருக்கும் இடமாகப் பதிந்துவிட்டது. கூடத்தில் சொக்கிய கண் கட்டிலில் தெளிவதற்கும், மகன் வீட்டுப் பாயில் நாலு நாள் தூங்கியதற்கும் இதுவே காரணம். அந்தப் பாயோடு உங்கள் கவலைக்குப் பழக்கம் இல்லை.

முதலில் போக வேண்டிய இடம்

நான் சொல்லப்போகும் முறையைத் தொடங்கும் முன் ஒரு மருத்துவரை நேரில் பார்த்துவிடுங்கள். நான்காம் பக்கத்தில் "பலமாகக் குறட்டை விடுவதாக மகள் கேலி செய்கிறாள், ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இதை நான் அப்படி விட்டுவிட முடியாது. தூக்கத்தில் மூச்சு விட்டு விட்டு நின்றுபோகும் நோய் பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு அதிகமாகிறது; குறட்டையும் ரத்த அழுத்தமும் அதன் அடையாளங்களாக இருக்கலாம். அப்படி இருந்தால் சிகிச்சை வேறு. அதோடு தூக்க மாத்திரை அந்த நோயை மோசமாக்கவும் கூடும். நீங்கள் தூங்கும்போது மூச்சு நின்று, பிறகு திணறலோடு திரும்புகிறதா என்று மகளை ஓர் இரவு கவனிக்கச் சொல்லி, அதை மருத்துவரிடம் தெரிவியுங்கள். தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை ஆகியவற்றையும் பார்த்துவிடலாம். படுத்தால் காலில் குடைச்சலோ அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற தவிப்போ இருந்தால் அதையும் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவால் அப்படி வருவதுண்டு.

இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். உங்கள் கடிதத்தில் துயரம் இருக்கிறது, அது இருக்கத்தான் செய்யும். ஆனால் எதிலும் பிடிப்பில்லாமல் போவது, சாப்பாடு இறங்காதது, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருவது ஆகியவை இருந்தால், அது தூக்கத்தோடு முடியும் விஷயம் இல்லை. அந்த எண்ணம் எந்த நேரத்தில் வந்தாலும் 14416 என்ற எண்ணை அழையுங்கள். அது ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

விட வேண்டியவை, விடும் வரிசையில்

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக மாத்திரையை அல்லாமல், பழக்கங்களையும் எண்ணங்களையும் திருத்தும் முறையையே பரிந்துரைக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்த முறையின் இரண்டு தூண்கள், படுக்கையைத் தூக்கத்துக்கு மட்டுமே வைத்துக்கொள்வதும் படுக்கும் நேரத்தைச் சுருக்குவதும். முன்னதை உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972இல் விவரித்தார். பின்னது மேலே சொன்ன ஸ்பீல்மன் வகுத்தது.

முதலில் பகல் படுக்கையையும் நாலரை மணிக் காபியையும் விடுங்கள். பகலில் கண் சொக்கினால் எழுந்து நடங்கள், வெயில் படும்படி வாசலில் நில்லுங்கள். காபியை ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலி வரும். ஒரு வாரத்தில் அரை டம்ளர், கால் டம்ளர் என்று குறைத்து, மதியத்துக்குப் பின் இல்லை என்ற நிலைக்கு வாருங்கள். காலைக் காபியைத் தொட வேண்டாம்.

அடுத்தது எட்டரை மணிப் படுக்கை. நீங்கள் தூங்குவது ஐந்து மணி நேரம் என்பதால், மருத்துவர் சம்மதித்தால், ஐந்தரை மணி நேரம் மட்டும் படுக்கையில் இருப்பது என்று தொடங்கலாம். இரவு பதினொன்றரைக்குப் படுத்துக் காலை ஐந்துக்கு எழ வேண்டும். அந்த ஐந்து மணி உங்களுக்குப் புதியதன்று. நீங்கள் வாசல் தெளித்த அதே ஐந்து மணி. இரவு எப்படிப் போயிருந்தாலும், ஒரு பொட்டுத் தூக்கம் இல்லாதிருந்தாலும், ஐந்துக்கு எழுந்துவிட வேண்டும். ஒரு வாரத்தில் அந்த ஐந்தரை மணி நேரத்தில் சராசரியாக நாலே முக்கால் மணி நேரம் போலத் தூங்கினால், மறுவாரம் கால் மணி நேரம் முன்னதாக, பதினொன்றேகாலுக்குப் படுக்கலாம். இப்படி வாராவாரம் கால் மணி நேரமாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

தூக்கமே இல்லாதவளை இன்னும் குறைவாகப் படுக்கச் சொல்கிறாரே என்று உங்களுக்குத் தோன்றும். தூக்கத்துக்காகக் காத்திருப்பதை விட்டுவிட்டு, தூக்கம் உங்களைத் தேடி வரும் அளவுக்கு விழித்திருப்பதுதான் இதன் அடிப்படை. முதல் பத்துப் பதினைந்து நாள் கடினமாகவே இருக்கும், அதை நான் மறைக்க விரும்பவில்லை. பகலில் சோர்வும் எரிச்சலும் இப்போதைவிடக் கூடும். நாலாம் நாள், ஐந்தாம் நாளில்தான் பலர் "இது எனக்குச் சரிப்படாது" என்று பழைய எட்டரை மணிக்குத் திரும்புகிறார்கள். அந்த நாட்களில் ஸ்கூட்டி ஓட்டாதீர்கள். மாமியாரைத் தூக்கி உட்காரவைக்கும் வேலைகளில் துணை வைத்துக்கொள்ளுங்கள். வலிப்பு நோயோ, மனம் அளவுகடந்து எழுச்சியுறும் இருமுனை நோயோ எப்போதாவது இருந்திருந்தால் இந்த முறையை நீங்களாகத் தொடங்கக் கூடாது. முறையாகச் செய்பவர்களுக்குப் பொதுவாக நான்கு முதல் எட்டு வாரங்களில் பலன் தெரியும்.

மூன்றாவது, விழித்தபடி படுக்கையில் கிடப்பது. உத்தேசமாகக் கால் மணி நேரம் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து கூடத்துக்கு வந்து, மங்கலான வெளிச்சத்தில் நாற்காலியில் உட்காருங்கள். அரிசியில் கல் பொறுக்குவது, பூ கட்டுவது போல மனத்தைக் கிளறாத வேலை எதுவானாலும் சரி. டிவி, கைபேசி, கணக்கு நோட்டு மூன்றும் கூடாது. கண் சொக்கும்போது மட்டும் கட்டிலுக்குத் திரும்புங்கள். ஓர் இரவில் நான்கு முறை எழ வேண்டியிருந்தால் நான்கு முறையும் எழுங்கள். இரவு விளக்கு ஒன்று எரியட்டும், தரை ஈரமில்லாமல் இருக்கட்டும். மாத்திரை சாப்பிட்டவர் இருட்டில் நடந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

இரண்டரை மணிக் கணக்குகளுக்கு ஒரு வழி சொல்கிறேன், உங்களுக்கு அது எளிதாகக் கைவரும். மாலை ஏழு மணிக்கு இருபது நிமிடம் ஒதுக்கி, ஒரு நோட்டில் இடப்பக்கம் கவலையையும் வலப்பக்கம் அதற்காக நாளை செய்யக்கூடிய ஒரே ஒரு வேலையையும் எழுதுங்கள். செய்ய ஒன்றுமில்லாத கவலைக்கு எதிரே ஒரு கோடு போடுங்கள். இரவில் அது மீண்டும் வந்தால், பதிவு போட்டாயிற்று என்று மனத்துக்குச் சொல்லலாம்.

மாமியாரை அழைத்துச் செல்வதைப் பற்றி "இது பழக்கம் இல்லை, கடமை, என்னைத் தவிர யாரும் செய்ய முடியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். கடமை என்பதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் யாரும் செய்ய முடியாது என்பதோடு எனக்கு உடன்பாடு இல்லை. 27 வயது மகள் அதே வீட்டில் இருக்கிறாள். வாரத்தில் மூன்று இரவுகளை அவளிடம் கொடுங்கள். கட்டிலருகே வைக்கும் கழிப்பறை நாற்காலி மருந்துப் பொருள் கடைகளில் கிடைக்கிறது, மாமியார் கையருகே ஓர் அழைப்பு மணியும் வைக்கலாம். மணி ஒலித்தால் எழுவோம் என்ற உறுதி இருந்தால், இரவெல்லாம் காதைத் திறந்து வைத்துக்கொண்டு படுக்க வேண்டியதில்லை. மாமியாருக்கும் அந்த மாத்திரையில் பாதி கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது. 82 வயதில் அது மனக்குழப்பத்தையும் கீழே விழுவதையும் கொண்டுவரும்.

எட்டு மணி நேரம் தூங்கியே ஆக வேண்டும் என்ற எண்ணத்தையும் கொஞ்சம் தளர்த்துங்கள். பெரும்பாலான பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமோ அதற்குச் சற்று மேலோ தேவை. வயது ஏற ஏற ஆழ்ந்த தூக்கம் குறைவதும் இரவில் ஒன்றிரண்டு முறை விழிப்பதும் இயல்பு. விழித்தவுடன் "ஐயோ, விழித்துவிட்டேனே" என்று எழும் பதற்றம்தான் அந்த விழிப்பை இரண்டு மணி நேரமாக நீட்டுகிறது.

மாத்திரை கடைசியில்தான்

அந்த இரண்டு நாள் அனுபவத்திலிருந்து "மாத்திரை இல்லாமல் என்னால் தூங்கவே முடியாது" என்ற முடிவுக்கு வந்திருக்கிறீர்கள். கை நடுங்கியதும் நெஞ்சு படபடத்ததும் தூக்கம் அடியோடு போனதும் மாத்திரையைத் திடீரென நிறுத்தியதன் விளைவுகள். உடல் அதற்குப் பழகியிருந்தது, பழகியது சட்டென்று இல்லாமல் போனதும் எதிர்த்தது. உங்கள் சொந்தத் தூக்கம் எவ்வளவு என்பதை அந்த இரண்டு இரவுகளை வைத்து அளக்க முடியாது.

இவ்வகை மாத்திரைகள் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கே உரியவை. நாள் செல்லச் செல்ல அதே அளவு வேலை செய்யாமல் போகும். பாதி மாத்திரை முழு மாத்திரை ஆனதும் முழு மாத்திரைக்கு மேல் இன்னொன்று சேர்ந்ததும் அப்படித்தான். ஆகவே விடத்தான் வேண்டும். ஆனால் மேலே சொன்ன பழக்கங்கள் மாறி, தூக்கம் ஓரளவு நிலைபெறும் வரை மருத்துவர் சொல்லும் ஒரே அளவில், ஒரே நேரத்தில் எடுத்துவாருங்கள். பிறகு அவர் மேற்பார்வையில் சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும். இதற்கு மாதங்கள் ஆகும். ஒவ்வொரு படியிலும் சில நாட்கள் தூக்கம் கெட்டு, பின் சீராகும். நள்ளிரவில் எடுக்கும் இரண்டாவது மாத்திரையை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். குறைப்பதற்கான கணக்கு அதையும் சேர்த்துத்தான் போடப்படும். சளிக்கும் அரிப்புக்கும் சாப்பிடும் தூக்கம் தரும் மாத்திரைகளை இதோடு சேர்க்க வேண்டாம்.

மருந்துக் கடைக்காரர் பழக்கத்துக்காகக் கொடுக்கிறார், நல்ல மனிதர் என்கிறீர்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அல்பிரசோலம், விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடு உள்ள எச்1 அட்டவணை மருந்து. 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி, மருத்துவர் சீட்டு இல்லாமல் அதை விற்கக் கூடாது. விற்றால் நோயாளி பெயர், எழுதிய மருத்துவர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இறந்தவர் பெயரிலான சீட்டுக்கு உங்களுக்குக் கொடுப்பது அவர் உரிமத்துக்கு ஆபத்து. அதைவிட, மூன்று ஆண்டுகளாக இந்த மருந்து உங்களுக்குப் பொருந்துகிறதா என்று ஒரு மருத்துவர்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் என் கவலை. அவர் திடீரென்று கொடுப்பதை நிறுத்திவிட்டாலும் நீங்கள் ஒரே நாளில் மாத்திரை இல்லாமல் நிற்பீர்கள். இருப்பது தீர்வதற்குள் உங்கள் பெயரில் ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

யாரிடம் போவது, ஊருக்குத் தெரியுமா

முதல் சந்திப்புக்குப் பொதுமருத்துவர் போதும். குறட்டைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் அவர் வழி செய்வார். மாத்திரையைக் குறைப்பதற்கும் பழக்கச் சிகிச்சைக்கும் மனநல மருத்துவரே பொருத்தமானவர். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. புறநோயாளியாகப் பார்க்க யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, உங்கள் மனநலம், சிகிச்சை பற்றிய விவரங்களை இரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, உங்கள் ஒப்புதல் இல்லாமல் மருத்துவமனை அதை வெளியே சொல்லக் கூடாது. ஊர்க்காரர்கள் வரிசையில் உங்களைப் பார்த்துவிடுவார்களோ என்ற அச்சத்தைச் சட்டத்தால் போக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அந்த அச்சம் பெரிதாக இருந்தால் பக்கத்து மாவட்டத்து மருத்துவமனைக்குப் போகலாம், அதில் தவறொன்றும் இல்லை. மகளிடம் முதலில் சொல்லிவிடுங்கள். குறட்டையைக் கவனித்தவள் அவள். அம்மா இரவெல்லாம் விழித்திருப்பது அவளுக்குத் தெரியாமல் இருக்காது.

கைக்கடிகாரம்

எதை எழுதுவதற்கு நான் மிகவும் தயங்கினேன் என்றால் இதை எழுதத்தான். இரவில் மணி பார்ப்பது தூக்கத்துக்குப் பகை. "இரண்டு நாற்பது, இன்னும் மூன்று மணி நேரம்தான் இருக்கிறது" என்று கணக்குப் போட்ட நொடியில் மூளை முழுதாக விழித்துவிடுகிறது. வேறு கடிகாரமாக இருந்தால் ஒரு வரியில் அறையை விட்டு எடுத்துவிடுங்கள் என்று எழுதியிருப்பேன். இது அவர் கையில் இருந்த கடிகாரம். இரவில் தலையணைக்கடியில் கை விட்டு எடுக்கும்போது நீங்கள் தேடுவது மணியை மட்டும்தானா என்று எனக்குத் தெரியாது.

அதற்குச் சாவி கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. இரவில் கொடுக்கும் சாவியைக் காலை ஐந்து மணிக்கு, வாசல் தெளித்து விட்டு வந்து, பூசை அறையில் கொடுங்கள். இரவில் அது அங்கேயே இருக்கட்டும். எழுப்புவதற்கு மகளுடைய கைபேசி அவள் அறையிலிருந்து ஒலித்தால் போதும். தறிச் சத்தம் இல்லாத அமைதி முதல் சில இரவுகளில் உறுத்தினால், மின்விசிறியை ஓடவிட்டுக்கொள்ளலாம். சீரான மெல்லிய ஓசை பலருக்கு உதவுகிறது.

இரண்டு வாரத்துக்கு, தினமும் காலையில் ஐந்து விவரங்களை மட்டும் எழுதி வைத்து மருத்துவரிடம் கொண்டு போங்கள்: படுத்த நேரம், தூங்கியதாக நினைக்கும் நேரம், எத்தனை முறை எழுந்தீர்கள், கட்டிலை விட்டு இறங்கிய நேரம், மாத்திரையின் அளவு. நேரங்களெல்லாம் உத்தேசமாக இருந்தால் போதும். கடிகாரம் பூசை அறையில்தானே இருக்கும்.